கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தங்கள்: கரடியூர்க் காப்பித் தோட்டக்காரர்களுக்குச் சில விளக்கங்கள்

சேர்வராயன் மலையில் காப்பிச் சாகுபடியைத் தொடங்கியவர், 1820ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பவர். அக்காலம் தொட்டு நெடுநாள்வரையில் புதிய செடியையோ புதிய முறையையோ சோதித்துப் பார்ப்பது அந்தந்தத் தோட்டக்காரரின் சொந்த முயற்சியாகவும் சொந்தச் செலவாகவுமே இருந்துவந்தது. இன்றைய நிலைமை வேறு. ஏர்க்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது; காப்பி வாரியமோ மத்திய சர்க்காரின் கீழுள்ளது. இவை போன்ற நிறுவனங்கள் சர்க்காரிடமிருந்தோ வெளிநாட்டு நிதி நிறுவனங்களிடமிருந்தோ மானியம் பெற்று, ஆராய்ச்சியின் ஒரு பகுதியைக் குடியானவர்களின் சொந்த நிலத்திலேயே நடத்துவது வழக்கமாகிவிட்டது. ஆராய்ச்சிப் பண்ணையில் நன்கு பலித்த முறை, சரிவும் நிழலும் மண்ணும் வேறான கரடியூர்த் தோட்டமொன்றில் பலிக்குமா என்பதை அத்தோட்டத்தில் செய்து பார்த்தாலன்றி அறிதல் இயலாது. ஆகையால் இவ்வழக்கம் நல்லதே.

ஆயினும், இத்தகைய திட்டங்களில் நிலம் கொடுக்கும் குடியானவர் கையொப்பமிடுவது பெரும்பாலும் ஒரு பக்கச் சம்மதக் கடிதமாகவே உள்ளது. அதில் அவருடைய பெயரும் புல எண்ணும் ஏக்கர் அளவும் இருக்கும். “திட்டத்திற்கு முழு ஒத்துழைப்பு அளிப்பேன்” என்றும் எழுதியிருக்கும். எத்தனை வருஷம், எந்தச் செலவு யாருடையது, செடி பட்டுப்போனால் என்ன, கண்டறியப்பட்டது யாருக்கு உரியது என்பவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இராது. யாவும் நன்கு நடக்கும்வரை இக்குறை வெளிப்படுவதில்லை. திட்டத் தலைவர் வேறூருக்கு மாற்றப்பட்டாலும், தவணைப் பணம் தாமதித்தாலும், நிலத்தில் நஷ்டம் ஏற்பட்டாலும், அன்றைக்கே அக்கடிதத்தைத் தேடி எடுத்துப் படிக்க நேரிடுகிறது. அதில் அப்போது படிப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

ஒப்பந்தம் தெளிவாயிருத்தல் வேண்டுமென்பது வெறும் புத்திமதியன்று. சட்டமே அங்ஙனம் கூறுகிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, பொருள் நிச்சயமாகாததும் நிச்சயமாக்க இயலாததுமான ஒப்பந்தம் செல்லாது. எவ்வகை எண்ணெய் என்று காட்டாமல் நூறு டன் எண்ணெய் விற்பதாக உடன்படுவதை அச்சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. “உரிய உதவி செய்யப்படும்”, “தக்க இழப்பீடு பரிசீலிக்கப்படும்” என்பவை போன்ற சொற்றொடர்களும் அவ்வெண்ணெயை ஒத்தவையே.

ஒப்பந்தங்களின் அடுக்கு

முதலாவதாக அறிய வேண்டுவது யாதெனில், குடியானவரின் கைக்கு வரும் தாள் ஓர் அடுக்கின் கடைசிப் படி என்பதாம். காப்பிச் செடிக்குப் பெருங்கேடு விளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்துவதற்கு இந்தியா, மலாவி, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளின் சிறு தோட்டங்களில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கூட்டுத் திட்டம் நடைபெற்றது. அதற்குப் பணம் கொடுத்தது ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள பண்டங்களுக்கான பொது நிதியம். மேற்பார்வை செய்தது லண்டனிலுள்ள சர்வதேசக் காப்பிக் கழகம். நடத்தியது இங்கிலாந்தைச் சேர்ந்த ‘காபி’ என்னும் வேளாண் விஞ்ஞான நிறுவனம். இந்தியாவில் அதனுடன் சேர்ந்து வேலை செய்தது காப்பி வாரியம். நிலமுடைய குடியானவர் இவ்வரிசையில் ஐந்தாமவர். முதல் நால்வரும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளில் ஐந்தாமவர் கையொப்பமிடுவதில்லை. அவற்றைக் காண்பதும் அரிது.

எனினும் அவ்வேற்பாடுகளின் விளைவுகள் அவரையும் வந்து சேருகின்றன. மேலேயுள்ள நிதி நிறுவனம் திட்டத்தை இடையில் நிறுத்த உரிமை வைத்திருக்குமானால், கீழேயுள்ள நிறுவனம் குடியானவருக்கு மூன்று வருஷம் உரம் தருவதாக வாக்களித்திருந்தாலும் அவ்வாக்கை நிறைவேற்ற வகையிராது. ஆதலால், மூல மானிய உத்தரவில் கால அளவு, இடைநிறுத்தம், கருவிகளின் உடைமை, ஆராய்ச்சிப் பலனின் உரிமை ஆகிய நான்கைப் பற்றிய பக்கங்களின் நகலைக் கேட்டுப் பெற்று, அதனைத் தமது ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ளுதல் நிலமுடையவரின் முதற் கடமையாகும். ஒரு நிறுவனம் அதனைக் காட்ட மறுக்குமாயின் அம்மறுப்பே போதிய செய்தியாம்.

‘கூட்டு’ என்னும் சொல்

இத்தகைய பத்திரங்களின் தலைப்பில் ‘கூட்டு ஒப்பந்தம்’, ‘பங்காளர் ஒப்பந்தம்’ என்னும் சொற்கள் தாராளமாக வழங்கப்படுகின்றன. பேச்சில் இதனால் தீங்கில்லை. சட்டத்திலோ ‘கூட்டு வியாபாரம்’ என்பதற்குத் தனிப் பொருளுண்டு. 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, பலர் சேர்ந்தோ பலருக்காக ஒருவரோ நடத்தும் வியாபாரத்தின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டோர் கூட்டாளிகள் ஆவர். 25ஆம் பிரிவின்படி, கூட்டாளிகளுள் ஒவ்வொருவரும் வியாபார நிலையத்தின் செயல்கள் அனைத்திற்கும் கூட்டாகவும் தனித்தும் பொறுப்பாளி. அதாவது, ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரின் தோட்டமும் உள்ளாகலாம்.

ஆகையால், “இப்பத்திரத்தின் தரப்பினர் மேற்படி சட்டத்தின் பொருளில் கூட்டாளிகள் அல்லர், ஒருவர் மற்றவருக்கு முகவரும் அல்லர்” என்று ஒரு வாசகம் சேர்ப்பது நன்று. ஆனால் அவ்வாசகம் மட்டும் போதாது. கூட்டு உண்டா இல்லையா என்பதைத் தரப்பினரிடையே உள்ள உண்மையான உறவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டுமென்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. சோதனைத் தோட்டத்தின் காப்பிக் கொட்டையைத் திட்டத்தின் பெயரால் விற்று லாபத்தைப் பாதிப்பாதி பகிர்வதென்று எழுதிவிட்டு, மறுபக்கத்தில் கூட்டு இல்லையென்று சொல்வதில் பயனில்லை. விளைச்சல் முழுவதும் நிலமுடையவரைச் சேரும் என்றும், நிறுவனம் கூலியையும் பொருளையும் மட்டும் கொடுக்கும் என்றும் எழுதுவதே தெளிவான வழி.

கையொப்பத்திற்கு உரியவர்

மலைமேல் பல நிலங்கள் கூட்டுப் பட்டாவில் உள்ளன. அண்ணன் தம்பிமார் நால்வரின் பெயரிலுள்ள பட்டாவில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டு, இரண்டாம் வருஷத்தில் மற்றவர் பாகப்பிரிவினை கேட்டால், சோதனைப் பகுதி இரண்டாக அறுபடும். பட்டாதாரர் யாவரும் கையொப்பமிடுதல் வேண்டும். அல்லது ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தல் வேண்டும். பட்டாவும் அடங்கலும் ஒத்திருக்கின்றனவா, நிலம் குத்தகையில் உள்ளதா, பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பங்கு உண்டா என்பவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் முன்கூட்டியே பார்த்துச் சொல்வாராயின் பெருந்தொல்லை நீங்கும். குத்தகைதாரரே சாகுபடி செய்பவராயின் அவரும் தரப்பினராக இருத்தல் அவசியம். ஏனெனில் செடியின் அருகே தினந்தோறும் நிற்பவர் அவரே.

மறுபக்கத்திலும் இதே கேள்வி எழும். தோட்டத்திற்கு வந்து பேசும் விஞ்ஞானி எவ்வளவு கற்றவராயினும், அவருடைய கையொப்பம் பெரும்பாலும் அவருடைய நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. பல்கலைக்கழகமாயின் பதிவாளரோ, அவரால் எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற அதிகாரியோ கையொப்பமிடுதல் வேண்டும். விஞ்ஞானியின் பெயரைத் திட்டத் தலைவர் என்று தனியே குறித்து, அவர் மாற்றப்பட்டால் இத்தனை நாளுக்குள் வேறொருவரை நியமித்து எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்றும் சேர்க்கலாம்.

வண்டின் பஞ்சாங்கமும் கஜானாவின் பஞ்சாங்கமும்

ஒப்பந்தத்தில் வேலைத் திட்டம் எழுதும் பகுதியே உள்ளபடி மிகக் கடினமானது. எழுதுவோர் அதனை மிக எளிதென்று எண்ணி, “முதல் வருஷம்: சோதனை, இரண்டாம் வருஷம்: சோதனை, மூன்றாம் வருஷம்: அறிக்கை” என்று மூன்று வரியில் முடித்துவிடுகின்றனர்.

வெள்ளைத் தண்டுத் துளைப்பானையே உதாரணமாகக் கொள்வோமாயின், அவ்வண்டு அராபிகாச் செடியின் முதிர்ந்த தண்டிலுள்ள பட்டைப் பிளவுகளில் முட்டையிடும். புழு பட்டையின் கீழும், பின்னர்த் தண்டின் உள்ளேயும் குடைந்து செல்லும், தண்டில் வளையம் வளையமாகத் தழும்பு எழும், இலை மஞ்சளிக்கும். இளஞ்செடி விரைவில் பட்டுப்போகும். முதிர்ந்த செடி சில வருஷம் தாங்கினும் சரியாகக் காய்க்காது. ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு வருஷமாகும். வண்டு தண்டைவிட்டு வெளியே பறக்கும் பருவம் வருஷத்தில் இரண்டு: ஏப்ரல், மே மாதங்கள் ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. தாக்குண்ட செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்தல், தளர்ந்த பட்டையைத் தேய்த்து நீக்குதல், தண்டின்மேல் சுண்ணாம்புக் கரைசல் தெளித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் முதலிய வேலைகள் யாவும் இவ்விரு பருவங்களை ஒட்டியே செய்யத்தக்கவை. ஆண் வண்டு வெளிவிடும் மணத்தைக் கண்டறிந்து பொறிக்குப் பயன்படுத்தியதும், காப்பி வாரியமும் இங்கிலாந்தின் இயற்கை வள நிறுவனமும் கூட்டாகச் செய்த ஆராய்ச்சியின் பலனே என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

சர்க்காரின் நிதி வருஷமோ ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. புதிய வருஷத்தின் தவணை, சென்ற வருஷத்துக் கணக்கு முடிந்து சான்று சென்ற பின்னரே வெளிவருவது வழக்கம். மே மாதம் பறக்கும் வண்டு அதற்காகக் காத்திராது. பொறியும் சுண்ணாம்பும் ஆட்கூலியும் மார்ச் மாதத்திலேயே தயாராயிருத்தல் வேண்டும். பணம் ஆகஸ்டில் வந்தால் அவ்வருஷத்தில் ஒரு பருவம் வீணாயிற்று. மூன்று வருஷத் திட்டத்தில் ஆறு பருவங்களுள் ஒன்று போயிற்று. நிலமுடையவர் தம் கைப்பணத்தைப் போட்டு அப்பருவத்தை நடத்தினால், அது பின்னர்த் திருப்பித் தரப்படுமா? ஒப்பந்தத்தில் இல்லையெனில் பெரும்பாலும் தரப்படமாட்டாது. அனுமதி பெறாத செலவைத் தணிக்கையாளர் ஏற்பதில்லை.

இதற்கு மருந்து இரண்டு. முதல் தவணை கைக்கு வந்த தேதியிலிருந்து அடுத்த பறக்கும் பருவமே திட்டத்தின் முதற் பருவம் என்று எழுதிக்கொள்வது ஒன்று. ஏப்ரல், மே பருவத்திற்கு வேண்டிய பொருள்களை முந்திய நிதி வருஷத்துப் பணத்திலேயே பிப்ரவரிக்குள் வாங்கித் தோட்டத்தில் சேர்த்துவிடுவது நிறுவனத்தின் கடமை என்று எழுதிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதே மேலானது. ஆட்கூலியைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலமாதலால், அப்போது ஆள் கிடைப்பது அரிதென்பதையும், கூலி உயருமென்பதையும் மலையில் வாழ்வோர் அறிவர். கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ இருந்து திட்டம் எழுதுவோர் அறியாதிருத்தல் கூடும். சொல்ல வேண்டுவது மலையில் வாழ்வோர் பொறுப்பு.

நடவுச் சோதனையாயின் தொல்லை வேறு வகை. புதிதாக நட்ட அராபிகாச் செடி மூன்று நான்கு வருஷங்களுக்குப் பின்னரே பலனுக்கு வருகிறது. மானியமோ பெரும்பாலும் மூன்று வருஷத்திற்கு. அதாவது செடி காய்க்கத் தொடங்கும் தறுவாயில் திட்டம் முடிந்து, பொறி, பதிவேடு, உதவியாள் யாவும் மலையிறங்கிவிடும். பயனுள்ள கணக்கு எடுக்கத் தொடங்க வேண்டிய காலத்தில் கணக்கெடுப்பார் ஒருவரும் இரார். “திட்டம் முடிந்த பின்னர் மேலும் நான்கு வருஷம் ஆண்டிற்கொரு முறை விளைச்சல் எடையை நிறுவனம் வந்து பதியும், அதுவரை நிலமுடையவர் அச்செடிகளை வெட்டமாட்டார், அதற்கு ஈடாக இன்னது பெறுவார்” என்று ஒரு ஷரத்து இருப்பின் முதல் மூன்று வருஷச் செலவும் வீணாகாது.

மருந்திடாத பகுதி

விஞ்ஞான முறைப்படி நடக்கும் சோதனை எதிலும், ஒன்றும் செய்யாது விடப்பட்ட ஒப்புப் பகுதி ஒன்று வேண்டும். அஃதின்றி, செய்த வேலையின் பலனை அளக்க முடியாது. இதன் அவசியத்தைக் குடியானவர் மறுக்கக்கூடாது. ஆனால் தண்டுத் துளைப்பான் விஷயத்தில் ‘ஒன்றும் செய்யாது விடுதல்’ என்பது, நோயுற்ற செடியைப் பிடுங்காமல் வண்டு வெளிவரும்வரை வைத்திருத்தலாகும். அதனால் அப்பகுதியின் செடிகள் அழிவதோடு, அங்கிருந்து பறக்கும் வண்டு வேலியைப் பார்த்து நிற்பதில்லை.

அழியும் செடிகளுக்கு ஈட்டுத்தொகை முன்னரே ஒரு செடிக்கு இன்ன ரூபாய் என்று நிர்ணயிக்கப்படுதல் வேண்டும். செடியின் வயதுக்கேற்ப அது வேறுபடும். பத்து வருஷக் காய்ப்புச் செடியை இழந்தவர், பிடுங்கிய குழியில் மறுநடவு செய்து அது பலனுக்கு வரும்வரை உள்ள விளைச்சலையும் இழக்கிறார் என்பதைக் கணக்கிட வேண்டும். இதனை ‘அபராதம்’ என்றோ ‘நஷ்ட ஈடு’ என்றோ எழுதாமல், ‘ஒப்புப் பகுதியைப் பராமரித்ததற்குரிய கட்டணம்’ என்று எழுதுவது விவேகம். ஒப்பந்தம் மீறப்பட்டதற்கான தொகையாயின், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, குறித்த தொகைக்கு மேற்படாமல் நியாயமான அளவே கிடைக்கும்; அதற்கும் வழக்காட நேரிடலாம். கட்டணமாயின் மற்றக் கூலியைப்போல் பட்டியல் அனுப்பிப் பெறலாம். நிறுவனத்தின் மானியப் பட்டியலிலும் அதற்கு இடமிருக்கும்.

அண்டைத் தோட்டக்காரரின் நிலைமை இன்னும் இக்கட்டானது. அவர் ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்லர். மானியத்தில் ஒரு காசும் பெறாதவர். கரடியூர் போன்ற இடங்களில் பலவேளை இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் உடையவர். ஒப்புப் பகுதியை எல்லையிலிருந்து உள்வாங்கி நடுவே அமைப்பது, எல்லைச் செடிகளில் பறக்கும் பருவத்தில் பொறிகளைச் சோதனைச் செலவில் வைப்பது, தாக்குதல் இத்தனை விழுக்காட்டைக் கடந்தால் சோதனையை நிறுத்தி நோயுற்ற செடிகளைப் பிடுங்கி எரிப்பது என்னும் மூன்றையும் பத்திரத்திலேயே எழுதி, அண்டையாருக்கு முன்கூட்டி அறிவிக்கவும் வேண்டும். விஞ்ஞானிகளில் சிலர் மூன்றாவதற்கு இணங்கத் தயங்குவர். இடையில் நிறுத்திய சோதனையின் கணக்கு குறையுடையதாகிவிடும் என்பர். அது மெய்யே. ஆயினும் ஊரார் மனங்கசந்த இடத்தில் அடுத்த சோதனைக்கு நிலம் கிடைப்பதில்லையாதலால், அவ்விழப்பு சிறிதென்றே கொள்ள வேண்டும்.

பணமும் கணக்கும்

மானியப் பணம் கடனன்று. எனினும் அது தானமுமன்று. மத்திய சர்க்காரின் பொது நிதி விதிகள், 2017இன்படி, மானியம் பெற்ற நிறுவனம் நிதி வருஷம் முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். பணத்திற்கு வங்கியில் கிடைத்த வட்டியையும் சர்க்காருக்குத் திருப்ப வேண்டும். மானியத்தால் வாங்கிய பொருள்களை அனுமதியின்றி விற்கலாகாது. குடியானவர் கொடுக்கும் கூலிச் சீட்டும் உர ரசீதும் அச்சான்றிதழின் அடிப்படை. அவை மார்ச் மாதக் கடைசியில் ஒரே மூட்டையாகச் சென்றால் ஏதேனுமொன்று தவறும். மாதம் ஒருமுறை இருதரப்பும் கையொப்பமிடும் சிறு கணக்குப் புத்தகம் ஒன்று தோட்டத்தில் இருப்பது உத்தமம்.

தெளிப்பான், மழைமானி, உலர்களம், குழாய்க் கிணறு ஆகியவை திட்டச் செலவில் அமைக்கப்பட்டால் திட்ட முடிவில் அவை யாருடையவை என்பதில் அடிக்கடி மனவேறுபாடு உண்டாகிறது. எடுத்துச் செல்லக்கூடியவை நிறுவனத்தைச் சேரும் என்பது இயல்பு. பட்டா நிலத்தில் பதித்தவற்றைப் பற்றி மானிய உத்தரவு என்ன சொல்லுகிறதோ அதனையே பார்த்து எழுத வேண்டும்.

வெளிநாட்டுப் பணமாயின் ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குச் சட்டம், 2010, 2020ஆம் வருஷத்தில் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்பின், வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஒரு சங்கம் அதனை வேறொரு சங்கத்திற்கோ ஆளுக்கோ நன்கொடையாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஆகவே, ஒரு தொண்டு நிறுவனம் அயல்நாட்டு நன்கொடையைப் பெற்று, அதில் ஒரு பகுதியை உள்ளூர்க் குடியானவர் சங்கத்திற்குப் பிரித்துத் தரும் பழைய ஏற்பாடு இப்போது செல்லாது. செய்த வேலைக்கும் கொடுத்த பொருளுக்கும் பட்டியலின்பேரில் விலை கொடுப்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த கணக்காளர் ஒருவரைக் கேட்ட பின்னரே இத்தகைய பத்திரத்தில் தொகைகளை எழுதுதல் வேண்டும்.

கண்டறிந்ததன் பலன்

1911ஆம் வருஷத்தில் மைசூர் நாட்டுத் தோட்டக்காரரான கெண்ட் என்பவர், இலைத் துரு நோயைத் தாங்கி நின்ற ஒரு செடியைத் தம் தோட்டத்தில் கண்டு தெரிந்தெடுத்தார். அவ்வகை ‘கெண்ட்ஸ்’ என்று அவர் பெயராலேயே பரவியது. பிற்காலத்தில் பாளேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.795 என்னும் பெயர்பெற்ற வகைக்கு அதுவே ஒரு பெற்றோராயிற்று. அன்றைக்கு இதற்கு ஒப்பந்தமும் இல்லை, பங்கும் கேட்கப்படவில்லை. இக்காலத்தில், 2001ஆம் வருஷத்துப் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட பயிர்களில் தாம் உருவாக்கிய அல்லது பேணிவந்த வகையைக் குடியானவர் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். பரம்பரை வகையிலிருந்து வேறு வகை உருவாக்கப்பட்டால் அதன் பலனில் பங்கு கோரவும் அச்சட்டத்தில் வழியுண்டு. சோதனைக்கு விட்ட தோட்டத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல செடி, மிளகுக் கொடி, பலா ஆகியவற்றின் பட்டியல் ஒன்றை ஒப்பந்தத்தின் அட்டவணையாக முதல் நாளே சேர்த்துவிட்டால், எது முன்னமே இருந்தது, எது திட்டத்தில் விளைந்தது என்னும் வழக்கே எழாது.

பலனைப் பகிர்தல் பற்றி நம் பக்கத்து மலையில் நிகழ்ந்த சம்பவம் யாவரும் அறியத்தக்கது. 1987ஆம் வருஷத்தில் அகத்தியர் மலையில் ஆராய்ச்சிக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஒரு சிறு காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமை, பத்து லட்சம் ரூபாய் கட்டணத்திற்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டு உரிமைத் தொகைக்குமாக ஏழு வருஷத்திற்குக் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அளிக்கப்பட்டது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்பது ஆராய்ச்சி நிலையத்தின் தீர்மானம். உலகில் அக்காலத்தில் இத்தகைய ஏற்பாடு மிக அரிது. ஆராய்ச்சி நிலையத்தின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை.

ஆனால் பணத்தைப் பெற்றுக்கொள்ள காணிகளுக்கென ஓர் அமைப்பு அன்று இல்லை. அவர்களுடைய அறக்கட்டளை 1997 நவம்பரில்தான் பதிவாயிற்று. முதல் தொகையாகிய ரூபாய் ஐந்து லட்சத்துச் சொச்சம் அதனைச் சேர்ந்தது 1999இல். வழிகாட்டிகளாக வந்தவர் சிலரே; வேறு பகுதிகளில் வாழும் காணிகள் தங்களைக் கேட்கவில்லையென்று குறைகூறினர். இலையைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறை இசையவில்லை. உரிமம் வழங்கும்போது இலை எங்கிருந்து வரும் என்பது தீர்க்கப்படாமையால் மருந்து உற்பத்தியே தடைப்பட்டது. ஆக, பங்கு எவ்வளவு என்பது எழுதப்பட்டிருந்தது. யார் பெறுவார், எந்நாளில் பெறுவார், மூலப்பொருளை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்பவை எழுதப்படவில்லை. வனத்துறை அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினராக இருந்திருப்பின் நிலைமை வேறாயிருந்திருக்கும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது அண்மையிலுள்ள கொல்லிமலை. அங்கும் சேர்வராயன் மலையைப்போல் மலையாளிப் பழங்குடியினரே வாழ்கின்றனர். சிறுதானியங்களைக் காப்பதில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷங்களாக அவர்களோடு வேலை செய்துவந்ததனால், குடியானவர் குழுக்களும் அவற்றின் கூட்டமைப்பும் அங்கு ஏற்பட்டிருந்தன. 2011இல் கனடா நாட்டு நிதியுதவியோடு அந்நிறுவனமும் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் கூட்டாகத் தொடங்கிய திட்டம் கொல்லிமலையிலும் நடைபெற்றபோது, பேசுவதற்கு ஊராரின் சார்பில் ஓர் அமைப்பு இருந்தது. கரடியூரிலும் சுற்றிலுமுள்ள சிறு தோட்டக்காரர்கள் மானியம் வருவதற்கு முன்னரே சங்கமாகப் பதிவு செய்துகொள்வாராயின், தனித்தனியே சம்மதக் கடிதம் கொடுப்பதைவிட வலிமையோடு பேசலாம்.

விதை, இலை, மண்ணிலுள்ள நுண்ணுயிர் முதலியன வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்பப்படுமாயின், 2002ஆம் வருஷத்து உயிரியற் பன்மைச் சட்டம் குறுக்கே வரும். மத்திய சர்க்காரின் நெறிமுறைகளுக்கு இணங்கிய நிறுவனக் கூட்டுத் திட்டங்களுக்கு அதன் 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஏனையவற்றிற்குத் தேசிய உயிரியற் பன்மை ஆணையத்தின் முன்னனுமதி வேண்டும். இவற்றைப் பெறும் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்று பத்திரத்தில் தெளிவாய் எழுதினாலன்றி, மாதிரியைப் பறித்துக் கொடுத்தவரும் விசாரணைக்கு இழுக்கப்படலாம். காட்டுரிமையுள்ள மலையாளிக் குடும்பங்களின் பாரம்பரிய அறிவுக்கு 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

முடிவும் வழக்கும்

எத்தரப்பினரும் இத்தனை நாள் முன்னறிவிப்போடு விலகலாம் என்னும் ஷரத்து இருத்தல் வேண்டும். நிறுவனம் விலகினால், நின்ற பருவத்தின் வேலையை முடித்துக்கொடுத்து நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும். நிலமுடையவர் விலகினால், பெற்ற பொருள்களுள் பயன்படாதவற்றைத் திருப்ப வேண்டும். உழைத்துக் கழிந்ததைத் திருப்பக் கேட்பது முறையன்று. நிலம் விற்கப்பட்டாலோ உடையவர் இறந்தாலோ ஒப்பந்தம் வாரிசையும் வாங்கியவரையும் எவ்வளவு கட்டும் என்பதையும் எழுதவேண்டும்.

வழக்கு ஏற்பட்டால் முதலில் இருதரப்பினரும் ஏற்ற மூன்றாமவர் முன் சமரசம், பின்னர் 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி நடுவர் தீர்ப்பு, இடம் சேலம். ‘வழக்கு டில்லியில் நடைபெறும்’ என்று அச்சிட்ட படிவத்தில் இருக்குமாயின் அதனை அடித்துச் சேலம் என்று எழுதி இருவரும் சுருக்கொப்பமிடுக. இரண்டு ஏக்கர்க் காப்பிக்காக டில்லிக்குப் போய்வருவாரில்லை.

பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பின் தமிழ்ப் படியும் இணைக்கப்பட்டு, இரண்டும் சமமான வலிமையுடையன என்றோ, வேறுபட்டால் தமிழே மேலானது என்றோ எழுதப்பட வேண்டும். சோதனையின் கணக்கை அச்சிடும்போது தோட்டக்காரரின் பெயரை வெளியிடலாமா என்பதையும், முடிவை எந்த மாதத்தில் எந்த மொழியில் ஊராருக்குக் கூட்டம் போட்டுச் சொல்வது என்பதையும் இதே இடத்தில் சேர்க்கலாம். உரிய முத்திரைத் தாளில் மூலப்படிகள் தரப்பினரின் எண்ணிக்கைக்கேற்பத் தயாரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு, இரு சாட்சிகளோடு முடிக்கவேண்டும். நிலமுடையவரின் படியோடு பட்டா நகல், தோட்டத்தின் வரைபடம், செடிப் பட்டியல், மானிய உத்தரவின் பக்கங்கள் ஆகிய நான்கும் சேர்த்துத் தைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வரைபடத்தில் ஒப்புப் பகுதியின் எல்லைகள் வேறு மையினால் காட்டப்பட்டு, அதன்கீழ் அண்டைத் தோட்டக்காரரின் கையொப்பமும் அறிவிப்புப் பெற்ற தேதியும் இருத்தல் நலம்.